காலில் இரும்புத் துண்டு, கையில் தாள் இல்லை: 37 வருடம் கழித்து வூண்ட் மெடல் கேட்கலாமா?

#1 பாலாற்றுக்கரை

வணக்கம். இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. ராணுவ ஆவண விஷயம் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன்.

அப்பாவுக்கு 63 வயது. 1982ல் பட்டாளத்தில் சேர்ந்து 1999ல் ஹவில்தாராக வெளியே வந்தவர். நாங்கள் வேலூர்ப் பக்கம். இங்கே வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்தில் இருப்பார், அதனால் யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. போன மாதம் முட்டிவலி தாங்காமல் எம்ஆர்ஐ எடுக்கக் கூட்டிப் போனேன். உள்ளே அனுப்புவதற்கு முன் டெக்னீஷியன் பையன் வழக்கமான கேள்விகளைப் படித்துக்கொண்டே வந்தான். பேஸ்மேக்கர் இருக்கா, ஸ்டென்ட் இருக்கா, உடம்பில் எங்காவது இரும்பு இருக்கா? டீயில் சர்க்கரை போதுமா என்று கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி அப்பா சொன்னார்: "இடது காலில் ரெண்டு மூணு துண்டு இருக்கும் தம்பி."

எம்ஆர்ஐ ரத்து. எக்ஸ்ரே எடுத்தார்கள். ஆடுசதையில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி, அதற்குக் கீழே எள் மாதிரி இரண்டு.

எனக்கு 34 வயதாகிறது. அந்தத் தழும்பு அசாமில் வண்டி கவிழ்ந்ததால் வந்தது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அம்மாவுக்கும் அதே கதைதான் சொல்லியிருக்கிறார், பெண் பார்க்க வந்தபோதிருந்து. உண்மையில் அது 1988 பிப்ரவரி, இலங்கை, வவுனியாவுக்கு வடக்கே. அமைதிப்படையில் போயிருக்கிறார். முன்னால் போன வண்டி கண்ணிவெடியில் போனது, இவர் இரண்டாவது வண்டி. குதித்து இறங்கும்போது பக்கத்தில் ஏதோ வெடித்தது.

இந்த ஜனவரி 26 அன்று முன்னாள் படைவீரர் சங்கக் கொடியேற்றத்துக்குப் போனவர், அங்கே ஒருவர் சட்டையில் நடுவில் சிவப்புக் கோடு போட்ட வெள்ளை ரிப்பனைப் பார்த்திருக்கிறார். வூண்ட் மெடல், அதாவது போர்க்காயத்துக்குக் கொடுக்கும் மெடல். ராத்திரி சாப்பிடும்போது கேட்டார்: "அது எனக்கும் வந்திருக்கணும் இல்ல?" எங்களிடம் எதையும் கேட்காத மனிதர்.

டிரங்குப் பெட்டியில் இருப்பவை: டிஸ்சார்ஜ் புக், பிபிஓ (பென்ஷன் ஆணை), லாங் சர்வீஸ் மெடல், 1997ல் எல்லாருக்கும் கொடுத்த சுதந்திரப் பொன்விழா மெடல், அப்புறம் ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு. அது மடிப்பிலேயே கிழிந்துவிட்டது. 'ஸ்பிளின்டர்', 'லெஃப்ட் லெக்' இரண்டும் படிக்க முடிகிறது, தேதியில் பாதி இல்லை. இதை வைத்துக்கொண்டு இப்போது கேட்க முடியுமா?

#2 ஓய்வுபெற்ற கிளார்க்

வாங்கம்மா. நான் 24 வருடம் பட்டாளத்தில் குமாஸ்தா வேலை பார்த்தவன். ஒன்றுக்கு இரண்டு தடவை படித்தேன். அப்பாவுக்கு என் ராம் ராம் சொல்லுங்கள்.

முதல் நல்ல செய்தி, அப்பா பென்ஷனர். பென்ஷன் இல்லாமல் போனவர்களின் சர்வீஸ் ஆவணங்களை 25 வருடம் வைத்திருந்துவிட்டு அழித்துவிடலாம் என்று ராணுவ விதியே இருக்கிறது. 71 போரில் அடிபட்டுப் பாதியில் வீட்டுக்கு வந்த எத்தனையோ பேர் அங்கேதான் முட்டி நிற்கிறார்கள். பென்ஷனர் என்றால் ஷீட் ரோல், அதாவது அவருடைய சர்வீஸ் பதிவேடு, இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த மெடல் 1973ல் வந்தது. இப்போது அதிகாரப்பூர்வப் பெயர் பராக்கிரம் பதக், ஆனால் இன்றைக்கும் லைனில் எல்லாரும் வூண்ட் மெடல் என்றுதான் சொல்வோம். எதிரியின் நேரடி நடவடிக்கையால் காயம் பட்டிருக்க வேண்டும். இதுதான் சாரம். இது வீர விருது இல்லை. யாரும் சிபாரிசு செய்ய வேண்டியதில்லை, சாகசம் செய்திருக்க வேண்டியதில்லை. காயம் பட்டது, எதிரியால் பட்டது, இரண்டும் தாளில் இருந்தால் போதும்.

சிக்கலே அந்தத் தாளில்தான். ஒருவருக்கு அடிபட்டால் யூனிட்டிலிருந்து உடனே சிக்னல் போகும். 'பேட்டில் கேஷுவல்டி'யா, 'பிசிக்கல் கேஷுவல்டி'யா என்று அதில் இருக்கும். முன்னது எதிரியால் வந்தது. பின்னது வண்டி கவிழ்வது, வழுக்கி விழுவது, விளையாட்டில் எலும்பு முறிவது. அப்புறம் அதை வைத்து பார்ட் டூ ஆர்டர், அதாவது அவரைப் பற்றிய யூனிட்டின் எழுத்துப் பதிவு, போடுவார்கள். அது ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்குப் போய் ஷீட் ரோலில் ஒரு வரியாக ஏறும். அந்த ஒரு வரிதான் உங்கள் அப்பாவின் காயம். காலில் இருப்பது காயம் இல்லையா என்று கேட்பீர்கள். ஆபீசுக்கு இல்லை.

அந்தச் சமயம் வெளியே ஆபரேஷனில் இருந்த யூனிட்டின் குமாஸ்தா எங்கே உட்கார்ந்து எழுதியிருப்பான் என்று யோசியுங்கள். டைப்ரைட்டர் ஜீப்பில், கார்பன் பேப்பர் மழையில். நானே அப்படி எழுதியிருக்கிறேன். ஒரே நாளில் இறந்தவர், அடிபட்டவர் என்று எல்லாம் சேர்ந்து வந்தால், இறந்தவர்களுடைய தாள்தான் முதலில் போகும். அவர்கள் வீட்டுக்குத் தந்தி போயாக வேண்டும். நடந்து வருகிறவனுடைய தாள் அடியில் போய்விடும்.

செய்ய வேண்டியது: பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து அவருடைய ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு ஆர்டிஐ போடுங்கள். அப்பாவே கையெழுத்துப் போட வேண்டும், அவருடைய ஆர்மி நம்பர் இருக்க வேண்டும். 'எனக்குக் காயம் பட்டது பதிவில் உள்ளதா' என்று கேள்வியாகக் கேட்காதீர்கள், 'தகவல் இல்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். தாளைக் கேளுங்கள். ஷீட் ரோலின் நகல். 1988 ஜனவரி முதல் ஜூன் வரை அவர் பெயர் வரும் பார்ட் டூ ஆர்டர்களின் நகல். வெளியே வந்தபோது எடுத்த ரிலீஸ் மெடிக்கல் போர்டின் நகல், அதாவது ஏஎஃப்எம்எஸ்எஃப்-16 என்ற படிவம்.

அந்தக் கிழிந்த சீட்டை லேமினேட் செய்துவிடாதீர்கள். பலர் செய்கிற தப்பு. முதலில் ஸ்கேன் எடுங்கள்.

#3 சும்மா கேட்டேன்

தப்பாக நினைக்க வேண்டாம். 37 வருடம் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன்? 17 வருடத்தில் பென்ஷன், கேன்டீன், இசிஎச்எஸ் வைத்தியம் எல்லாம் கிடைக்கிறது. இதற்கு மேல் மெடல் என்றால் அடுத்தது பென்ஷனை ஏற்றச் சொல்லி கேஸ் வரும். எங்கள் தெருவில் ஒருவர் இதே மாதிரி அலைந்து கடைசியில் வக்கீலுக்குக் கொடுத்ததுதான் மிச்சம்.

#4 ஓய்வுபெற்ற கிளார்க்

சும்மா கேட்டேன் தம்பிக்கு: இந்த மெடலுக்கு மாதம் ஒரு பைசா வராது. வீர விருதுகளுக்கு உண்டு, இதற்கு இல்லை. போர்க்காய பென்ஷன் என்பது வேறு வாசல். அதற்கு எத்தனை சதவீத ஊனம் என்று மெடிக்கல் போர்டு சொல்ல வேண்டும், 2001 ஜனவரி 31 தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சகக் கடிதத்தில் ஏ முதல் இ வரை பிரிவு வைத்திருக்கிறார்கள், அதில் எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். அதைத் தாமதமாகக் கேட்டு ஜெயித்தாலும் பழைய பாக்கி பொதுவாக மனுப் போட்ட நாளுக்கு முந்தைய 3 வருடத்துக்குத்தான். தர்சேம் சிங் வழக்கில் 2008லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஆக, 37 வருடம் சும்மா இருந்தவருக்கு நஷ்டம்தானே தவிர லாபம் இல்லை.

அலைந்து காசு விட்டவர் கதையும் உண்மையாக இருக்கும். வக்கீலிடம் போவது கடைசிப் படி. சிலர் அதை முதல் படியாக வைத்துக்கொள்கிறார்கள்.

#5 பாலாற்றுக்கரை

ஐயா, ரொம்ப நன்றி. ஆர்டிஐ எழுதிவிட்டேன், அப்பா கையெழுத்துப் போட்டார். இந்தியில் போட்டார். பட்டாளத்தில் பழகிய கையெழுத்தாம், எனக்கு இதுவும் இப்போதுதான் தெரியும்.

ஏன் இத்தனை வருடம் என்ற கேள்வியை நானும் கேட்டேன். உடனே பதில் வரவில்லை. மறுநாள் காலை தண்ணீர் பிடிக்கும்போது அவராகவே சொன்னார். 1988 ஏப்ரலில் லீவில் ஊருக்கு வந்திருக்கிறார், காலில் கட்டுடன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் விசாரிக்க, இலங்கை என்று சொல்லியிருக்கிறார். அந்த ஆள் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டாராம். "தமிழனைச் சுடப் போனவன்னு நெனச்சிருப்பான். அவனைச் சொல்லிக் குத்தமில்ல." அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அசாமில் வண்டி கவிழ்ந்த கதை.

1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அப்பாவுக்கு அதில் கோபம் இருக்கும் என்று நினைத்தேன். "அவரு எப்படி வருவாரு" என்றார், அவ்வளவுதான்.

#6 மினசோட்டா குளிர்

தாமதமாகக் கேட்பது பற்றி ஒரு கதை. அமெரிக்காவில் நான் இருக்கும் மினசோட்டா மாநிலத்தில் நடந்தது, பேப்பரில் வந்தது.

இங்கே காயத்துக்கு பர்ப்பிள் ஹார்ட். ஊதா நிற இதயம், நடுவில் வாஷிங்டனின் பக்கவாட்டு முகம். 1782ல் வாஷிங்டன் தொடங்கிய ஒரு பட்டையை 1932ல், அவருடைய 200வது பிறந்தநாளில், இப்போதைய வடிவத்தில் திருப்பிக் கொண்டுவந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானுக்குள் இறங்கினால் எவ்வளவு பேர் அடிபடுவார்கள் என்று கணக்குப் போட்டுச் சுமார் 5 லட்சம் மெடலைச் செய்து வைத்துவிட்டார்கள். போர் முடிந்துவிட்டது. அந்த இருப்பிலிருந்துதான் கொரியாவுக்கும் வியட்நாமுக்கும் அதற்குப் பின்னும் எடுத்துக் கொடுத்தார்கள். இரும்புக்குப் பஞ்சமே இல்லை என்று சொல்ல வருகிறேன், பஞ்சம் காகிதத்துக்குத்தான்.

மினசோட்டாக்காரர் ஒருவர் 1951 ஜூனில் கொரியாவில் மோர்ட்டார் குண்டில் தொடையில் அடிபட்டவர். துண்டு இன்னும் காலில் இருந்தது, உங்கள் அப்பாவுக்கு மாதிரியே. கட்டுப் போட்ட மருத்துவ உதவியாளர் அதை எழுதி அனுப்புவதற்கு முன் அவரே இறந்திருக்கலாம் என்று நம்புகிறார்கள். எழுதப்படவில்லை. இவரும் பல பத்தாண்டுகள் கேட்கவில்லை, மகள்கள் வற்புறுத்தியபிறகுதான் விண்ணப்பித்தார். ராணுவம் மறுத்தது. காரணம் வழக்கமானது, போதிய ஆவணம் இல்லை. ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனார், மினசோட்டாவின் அமெரிக்க செனட்டர் ஏமி க்ளோபுச்சாரும் சேர்ந்து தள்ளினார். 2024ல், 96 வயதில், மெடலை அவர் நெஞ்சில் குத்தினார்கள். 73 வருடம். உங்கள் அப்பா பாதி வழியில்தான் இருக்கிறார்.

இன்னொன்று. செயின்ட் லூயிஸ் ராணுவ ஆவணக் காப்பகத்தில் 1973 ஜூலை 12 அன்று தீப்பிடித்தது. ஆறாவது மாடி முழுக்கப் போனது. 1 கோடியே 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் வரைக்கும் கோப்புகள். 1912 நவம்பர் முதல் 1960 தொடக்கம் வரை ராணுவத்தை விட்டவர்களின் கோப்புகளில் 80 சதவீதம் சாம்பல். நகலும் இல்லை, மைக்ரோஃபிலிமும் இல்லை. அதற்கு அப்புறம் இரண்டு உலகப் போர்க்காரர்களும் கொரியாக்காரர்களும் என்ன செய்தார்கள்? சுற்றுவழியில் போனார்கள். கம்பெனியில் தினமும் காலையில் யார் இருக்கிறார், யார் ஆஸ்பத்திரியில் என்று எழுதும் காலை அறிக்கை இருக்கும். ஆஸ்பத்திரியின் சேர்க்கை அட்டை தனியாக வேறு இடத்தில் இருக்கும். வீட்டுக்கு வந்த தந்தி, அம்மாவுக்கு எழுதிய கடிதம், கூட இருந்தவர்களின் சத்தியக் கடிதம். ஒருவருடைய சொந்தக் கோப்பு போனாலும் ஊர்ப்பட்ட புத்தகங்களில் அவர் பெயர் ஒரு வரியாக எங்காவது கிடக்கும்.

உங்களுக்கும் அதுதான் வழி என்று தோன்றுகிறது.

#7 வல்லைவெளி

நான் யாழ்ப்பாணம், இப்ப கனடா. இந்த இழையை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு பேசாமல் இருந்தனான்.

பாலாற்றுக்கரை தங்கச்சி, உங்கட அப்பாவில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் எதிரி என்ற சொல்லை இங்கே எல்லோரும் இலேசாக எழுதிக்கொண்டு போகிறீர்கள். அந்தச் சொல்லுக்குள்ளே எங்கட ஊர் இருக்கிறது. 1987 ஒக்டோபர் தீபாவளிக்கு யாழ் ஆஸ்பத்திரியில் நடந்தது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? அமைதிப்படை உள்ளே புகுந்து சுட்டதில் நோயாளர்களும் வைத்தியர்களும் தாதிமாரும் செத்தவை. எங்கட மாமி அங்கே வேலை செய்தவ, தப்பி வந்தவ. அவவின்ரை தோளிலும் ஒரு தழும்பு. அதுக்கு ஷீட் ரோலும் இல்லை, பார்ட் டூ ஓடரும் இல்லை.

நான் இருக்கிற நாட்டிலும் காயத்துக்குப் பதக்கம் இருக்கு. 2008இல் கொண்டுவந்தவை. 2001 ஒக்டோபர் 7க்குப் பிறகு பட்ட காயங்களுக்குத்தான். அதற்கு முதல் நாள் பட்டவனுக்கு இல்லை. எந்த நாட்டிலும் ஒரு கோடு கீறித்தான் கொடுக்கிறார்கள்.

#8 சும்மா கேட்டேன்

இதோ ஆரம்பிச்சாச்சு. மெடல் இழையில் ஈழ அரசியல்.

#9 மட்டுறுத்துநர்

வல்லைவெளி எழுதியது இழைக்கு வெளியே இல்லை. அமைதிப்படைக் காயம் பற்றிப் பேசும்போது அந்த ஊர்க்காரர் பேசத்தான் செய்வார். இதற்கு மேல் யார் முதலில் சுட்டது என்று கணக்குப் போட வருகிறவர்கள் தனி இழை தொடங்கிக்கொள்ளுங்கள்.

#10 பாலாற்றுக்கரை

வல்லைவெளி அண்ணா, உங்கள் பதிவை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். காட்டலாமா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன்.

கேட்டுவிட்டு, "அந்தம்மா இப்ப இருக்காங்களா" என்றார். தெரியாது என்றேன். அப்புறம் தறிக்கொட்டாய்ப் பக்கம் போய் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

#11 வல்லைவெளி

இருக்கிறா. எண்பத்தி ஒன்று. இங்க கனடாவில், மார்க்கம் நகரில் மகனோட இருக்கிறா. கேட்டதற்கு நன்றி என்று அப்பாவிடம் சொல்லுங்கோ.

#12 சிஸ்டர் மேரி

ராணுவ நர்சிங் சர்வீசில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். 88ல் சென்னையில் இல்லை, புனேயில் இருந்தேன். அங்கேயும் இலங்கையிலிருந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறோம். கால் போனவர்கள் செயற்கைக் கால் மையத்துக்காக அங்கேதான் வருவார்கள்.

மருத்துவப் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன். துண்டை ஏன் எடுக்கவில்லை என்று பலர் கேட்பார்கள். ஆழமாகச் சதைக்குள் போன சின்னத் துண்டைத் தேடிக் கிளறினால் நரம்புக்கும் ரத்தக் குழாய்க்கும்தான் சேதம். காயத்தைக் கழுவி, செத்த சதையை வெட்டி எடுத்து, சில நாள் தைக்காமல் திறந்தே வைத்திருந்து, சீழ் இல்லை என்று பார்த்தபிறகு மூடுவார்கள். துண்டு உள்ளேயே இருக்கும், அதைச் சுற்றி உடம்பு ஒரு உறை கட்டிக்கொள்ளும். எம்ஆர்ஐ வேண்டாம் என்று நிறுத்திய அந்தப் பையனைப் பாராட்ட வேண்டும். காந்தத்துக்குள் போனால் பழைய இரும்பு நகரலாம், சூடாகலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். களத்தில் கட்டுப் போட்ட உடனே ஒரு ஃபீல்டு மெடிக்கல் கார்டு எழுதி, சட்டைப் பொத்தானில் நூலால் கட்டிவிடுவார்கள். என்ன காயம், எத்தனை மணிக்கு, என்ன ஊசி போட்டது எல்லாம் அதில் இருக்கும். மார்ஃபின் போட்டால் நெற்றியிலேயே எம் என்று எழுதிவிடுவதும் உண்டு, அடுத்த இடத்தில் தெரியாமல் மறுபடியும் போட்டுவிடக் கூடாது என்று. எங்களிடம் வரும்போது அந்தக் கார்டு ரத்தமும் வியர்வையும் பட்டு ஊறிப் போயிருக்கும். சிலதில் பெயரைத் தவிர ஒன்றும் தெரியாது. அவர் சொல்லச் சொல்லக் கேட்டு நாங்கள் மறுபடி எழுதிக்கொள்வோம்.

அப்படி எழுதும்போதுதான் தப்பு நடக்கும். பையன் மயக்கத்தில் 'வண்டி' என்று சொல்லியிருப்பான், எழுதுகிறவர் வண்டி விபத்து என்று எழுதிவிடுவார். இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்பாவின் ஆஸ்பத்திரித் தாள் கிடைத்தால் காயம் என்ன என்பதைவிட, எப்படி வந்தது என்று எழுதியிருக்கும் வரியை முதலில் பாருங்கள்.

இன்னொன்று, இன்றைய எக்ஸ்ரேயை ரேடியாலஜிஸ்ட் கையெழுத்தோடு அறிக்கையாக வாங்கி வையுங்கள். உலோகத் துண்டு, எத்தனை, எந்த இடம், எத்தனை மில்லிமீட்டர். வண்டி கவிழ்ந்தால் யாருக்கும் ஆடுசதைக்குள் மூன்று இரும்புத் துண்டு போவதில்லை.

#13 மினசோட்டா குளிர்

சிஸ்டர் சொன்னதைப் படித்ததும் 2020 ஜனவரி 8 ஞாபகம் வந்தது. ஈராக்கில் அல் அசாத் தளத்தின் மேல் ஈரான் ஏவுகணை வீசியது. அன்றைக்கு யாருக்கும் அடி இல்லை என்று அறிவித்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராக மூளை அதிர்ச்சி என்று கண்டுபிடித்து, கணக்கு நூறைத் தாண்டியது. முதலில் 29 பேருக்கு பர்ப்பிள் ஹார்ட், கிட்டத்தட்ட இரண்டு வருடம் கழித்து இன்னும் 39 பேருக்கு. உலகமே பார்த்துக்கொண்டிருந்த தாக்குதலுக்கே இந்த நிலை. அதே அமெரிக்க ராணுவத்தில் குளிரில் கால்விரல் போனவனுக்கு அந்த மெடல் கிடையாது, பனிக்கடி எதிரி கணக்கில் வராது.

#14 பாலாற்றுக்கரை

ஐந்து வாரம் ஆகிறது. பதில் வந்துவிட்டது.

ஷீட் ரோல் நகல் வந்திருக்கிறது, ஒரு வரி இருக்கிறது. 1988 பிப்ரவரி தேதியோடு, இடது காலில் காயம், ஆஸ்பத்திரியில் சேர்ப்பு, பக்கத்தில் பார்ட் டூ ஆர்டர் எண். ஆனால் பேட்டில் கேஷுவல்டி என்றும் இல்லை, பிசிக்கல் கேஷுவல்டி என்றும் இல்லை. அந்தக் கட்டம் காலி. பார்ட் டூ ஆர்டர் 'கிடைக்கவில்லை' என்று எழுதியிருக்கிறார்கள்.

ரிலீஸ் மெடிக்கல் போர்டைப் பார்த்ததும்தான் தலையில் கை வைத்தேன். 'சர்வீசில் ஏதாவது காயம் அல்லது நோய் உண்டா' என்ற இடத்தில் அப்பா இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஏன்ப்பா என்றேன். "உண்டுன்னு சொன்னா இன்னும் ரெண்டு மாசம் ஆஸ்பத்திரில வச்சிருப்பாங்க. நீ அப்ப மூணாவது படிக்கிற." வேறென்ன கேட்பது.

#15 ஓய்வுபெற்ற கிளார்க்

கவலைப்படாதீர்கள். வெளியே போகும்போது எல்லாரும் இல்லை என்றுதான் எழுதுவார்கள். நானும் எழுதினேன், எனக்குக் காது பாதி கேட்காது.

காலிக் கட்டம் நல்லதுதான். தப்பாக எழுதியிருந்தால் திருத்தச் சொல்லிச் சண்டை போட வேண்டும். காலியாக இருந்தால் நிரப்பச் சொல்லிக் கேட்கலாம். தேதி இருக்கிறது, இடது கால் இருக்கிறது, அந்தத் தேதியில் அந்த யூனிட் எங்கே இருந்தது என்பது அரசாங்கத்துக்கே தெரியும். இனி கூட இருந்த ஆள் வேண்டும். அப்பாவின் கூட்டாளிகள் யாராவது?

#16 பாலாற்றுக்கரை

ஒருத்தர் கிடைத்துவிட்டார்! அப்பாவுக்கு அன்று கட்டுப் போட்டவர், பாலக்காட்டுக்காரர். பழைய யூனிட்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், அவரிடமிருந்து இன்னொருவர் என்று நாலு கை மாறி நம்பர் வந்தது. நேற்று ராத்திரி வீடியோ கால். இரண்டு கிழவர்களும் ஒரு ஐந்து நிமிடம் இந்தியிலேயே திட்டிக்கொண்டார்கள். எனக்குப் பாதி புரியவில்லை, புரிந்த பாதியை இங்கே எழுத முடியாது.

ஆனால் ஒரு சிக்கல். அவர் வலது கால் என்கிறார். அப்பா இடது கால் என்கிறார். எக்ஸ்ரேயில் இடது கால். அவர் விடமாட்டேன் என்கிறார், "நான்தானே கட்டினேன், எனக்குத் தெரியாதா?" சாட்சிக் கடிதத்தில் கால் எது என்று குறிப்பிடாமல் 'காலில்' என்று மட்டும் எழுதச் சொல்லலாமா? இல்லை, இடது என்று எழுதச் சொல்லலாமா?

#17 சும்மா கேட்டேன்

இடதுன்னு எழுதச் சொல்லுங்க. உண்மையே அதுதானே, இதில் என்ன பாவம்.

#18 ஓய்வுபெற்ற கிளார்க்

சொல்லக் கூடாது. எதையும் சொல்லிக் கொடுக்காதீர்கள். அவருக்கு ஞாபகம் இருப்பதை அவர் கையால், அவர் பாஷையில் எழுதட்டும், மலையாளம் என்றாலும் சரி. எந்த ரோடு, எத்தனை வண்டி, முன் வண்டியில் யார் இருந்தார்கள், கட்டு எதில் போட்டார், எப்படித் தூக்கினார்கள். வலது கால் என்று எழுதினால் எழுதட்டும். படிக்கிறவருக்கும் 60 வயது ஆளின் ஞாபகம் எப்படி இருக்கும் என்று தெரியும். இரண்டு பேர் கடிதமும் புள்ளி பிசகாமல் ஒரே மாதிரி இருந்தால்தான் சந்தேகம் வரும். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன், அப்படி வந்த கடிதங்களைத்தான் தனியாக எடுத்து வைப்பேன்.

நோட்டரி முன்னால் அஃபிடவிட்டாகக் கொடுக்கட்டும். அவருடைய ஆர்மி நம்பர், ரேங்க், அந்த நாளில் அதே யூனிட்டில் இருந்ததற்கு அவருடைய டிஸ்சார்ஜ் புக் நகல், இவ்வளவும் பின்னால் வையுங்கள்.

#19 சிஸ்டர் மேரி

கால் குழப்பத்துக்கு ஒன்று சொல்லட்டுமா? கட்டுப் போடுகிறவர் எதிரே உட்கார்ந்திருப்பார். படுத்திருப்பவரின் இடது கால் அவருடைய வலது கைப் பக்கம். இத்தனை வருடத்தில் அவர் மனசில் நின்றது தன் பக்கமாக இருக்கும்.

#20 பாலாற்றுக்கரை

சிஸ்டர்! இதை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கையை அப்படியும் இப்படியும் வைத்துப் பார்த்தார். "இருக்கலாம், ஆனாலும் வலதுன்னுதான் எழுதுவேன்" என்றார். எழுதியும் அனுப்பிவிட்டார். மூன்று பக்கம், மலையாளத்தில், கூடவே தமிழில் ஒரு மொழிபெயர்ப்பு அவர் மருமகள் கையெழுத்தில். முன் வண்டியில் போன நாலு பேரின் பெயரும் அதில் இருக்கிறது. அப்பா அந்த இடம் வந்ததும் வாசிப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

இன்று காலை அப்பாவின் விண்ணப்பம், ஷீட் ரோல் நகல், எக்ஸ்ரே அறிக்கை, ஆஸ்பத்திரிச் சீட்டின் கலர் பிரின்ட், அஃபிடவிட் எல்லாம் சேர்த்து ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு ஸ்பீடு போஸ்டில் போட்டாயிற்று. ஒரு காப்பி மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கொடுத்து சீல் வாங்கியிருக்கிறேன். விண்ணப்பத்தை நான்தான் டைப் செய்தேன். கடைசியில் அப்பா ஒரு வரி பேனாவால் சேர்த்தார், "மெடிக்கல் போர்டில் காயம் இல்லை என்று நான் சொன்னது என் தவறு." வேண்டாம்ப்பா என்றேன், கேட்கவில்லை.

போஸ்ட் ஆபீஸ் ரசீதை வாங்கி அவரே டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டார்.

#21 ஓய்வுபெற்ற கிளார்க்

அந்த வரி இருக்கட்டும். நல்ல வரி.

ரசீதை உடனே வெளியே எடுத்து ஜெராக்ஸ் போடுங்கள். அது சூட்டில் அச்சாகும் தாள், டிரங்குப் பெட்டிக்குள் இரண்டு கோடையில் வெள்ளையாகிவிடும்.

#22 பாலாற்றுக்கரை

மூன்று காப்பி எடுத்துவிட்டேன் ஐயா. ஒன்று பாலக்காட்டுக்கு அனுப்பச் சொன்னார்.